கொட்டாஞ்சேனையில் இருந்த கல்லூரி

பத்துக் கிலோ மரவள்ளி விதையை வன்னிக்கு அனுப்ப அனுமதி கேட்டு அமைச்சுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. மூன்று மொழியிலும் ஓர் எழுத்துப் பிசகாமல் மிஸ் தட்டச்சு செய்திருந்தார். விதை என்பது ஒன்றுதான் பிழை.

“மிஸ், மரவள்ளிக்கு விதை போடுறேல்லை. தடிதான் நடுறது,” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “என்ன தடி?”

“மரவள்ளித் தடிதான். முத்தின தடியை வெட்டி ஊண்டினால் முளைக்கும்.”

“அப்ப தடிக்கா பெர்மிட் எடுக்க வேணும்?”

“அது அங்கை வேலிக்கு வேலி நிக்குது, மிஸ்.”

விசாரித்துப் பார்த்ததில், கல்லூரியிலிருந்து வந்த பட்டியலில் ‘மர விதை’ என்று இருந்திருக்கிறது. தேக்கும் மகோகனியும் கேட்டிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைப் பார்த்து வளர்ந்த மிஸ்ஸுக்கு, ‘மர’ என்று தொடங்குகிற விவசாயப் பொருள் மரவள்ளி ஒன்றுதான். பட்டியலில் ஏதோ எழுத்து விட்டுப்போயிற்று என்று நினைத்துத் தானே நிரப்பிவிட்டார்.

கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, மெஷினில் புதுத் தாளைச் செருகினார். “இனி ஒவ்வொரு சாமானும் என்ன, எப்பிடி இருக்கும், எதுக்கு வேணும் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் நீங்க எழும்ப வேணும், சேர். என்னெண்டு தெரியாத சாமானுக்கு நான் போய் இருக்க ஏலாது.”

‘போய் இருக்க’ என்று அவர் சொன்னதன் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

நான் வன்னியிலிருந்த ஒரு விவசாயக் கல்லூரியில் மண்ணியல் படிப்பித்தவன். மூன்று மாதப் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்புக்கு வந்த இடத்தில் சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. திரும்பிப் போக அனுமதி கிடைக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, கல்லூரியின் கொழும்பு அலுவலகத்துக்குப் போய்வரத் தொடங்கினேன். அலுவலகம் என்றால், கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடைக்கு மேலே ஓர் அறை. இரண்டு மேசை, ஒரு அலுமாரி, ஒரு ஜன்னல். கீழே நாலு தையல் மெஷின் ஓடும்போது எங்கள் மேசையில் தேநீர்க் கோப்பை நடுங்கும். அங்கே சம்பளத்துக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். நானும் மிஸ் என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னைச் சேர் என்றே அழைத்தார்.

அந்தக் காலத்தில் வன்னிக்கு எதை அனுப்புவதென்றாலும் அனுமதி வேண்டும். யூரியாவுக்கு அனுமதியே இல்லை. பற்றரிக்கு இல்லை. கூரைத்தகட்டுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. கோழிக்குப் போடும் தடுப்பூசிக்கும் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்க்கும் நாலு மேசை தாண்டிய கையெழுத்து வேண்டும். அந்த நாலு மேசைக்கும் முன்னால் போய் இருப்பதுதான் மிஸ்ஸின் வேலை.

உண்மையிலேயே இருப்பது. காலை எட்டரைக்குப் போனால், கடிதத்தை நீட்டிவிட்டு, சுவரோரம் கிடக்கும் வாங்கில் உட்காருவார். “நாளைக்கு வாங்க” என்று சொன்னால், “பரவாயில்லை, நான் இருக்கிறன். நீங்க உங்கட வேலையைப் பாருங்க” என்பார். அதைச் சிங்களத்தில் சொல்லும்போது இன்னும் பணிவாக இருக்கும். கெஞ்சமாட்டார், கோபிக்கமாட்டார், யாருக்கும் எதுவும் கொடுக்கவும்மாட்டார். மத்தியானம் பையிலிருந்து மீன் வைத்துச் சுட்ட மாலு பாண் இரண்டை எடுத்து, ஒன்றை அங்கிருக்கும் பியோனுக்கு நீட்டுவார். கையில் புத்தகமோ பேப்பரோ இருக்காது.

“ஏதாவது வாசிக்கலாமே, மிஸ்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வாசிச்சா, இவ பொழுதுபோக்க வந்திருக்கிறா எண்டு நினைப்பாங்கள், சேர். நாங்க அந்த மேசையைத்தான் பாத்துக்கொண்டு இருக்க வேணும். முறைக்கக் கூடாது. சும்மா பாக்க வேணும்.”

பல அதிகாரிகள் அந்தச் சும்மா பார்வைக்கு மூன்றாம் நாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். கல்லூரியின் சான்றிதழை டிப்ளோமாவாக அங்கீகரிக்கிற விஷயம் அது. வாரத்தில் இரண்டு நாள் என்று எட்டு மாதம் போய் இருந்தார். கடைசியில் அந்த அதிகாரிக்கு மாற்றலே வந்துவிட்டது. போகிற அன்று அவர் மிஸ்ஸைக் கூப்பிட்டு, “நோனா, வர்ற ஆளுக்கு நான் உங்களை விட்டுட்டுப் போகக் கூடாது” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாராம். அன்று மிஸ் அலுவலகத்துக்கு வராமல் நேரே அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டார். மறுநாள் காலைதான் எனக்கே செய்தி தெரியும்.

கல்லூரியை அவர் கண்டதில்லை. மருதானைக்கு அப்பால் ரயிலில் போனதே இரண்டு மூன்று தரம்தான் என்பார். கல்லூரி தொடங்கின கதை எனக்கு எங்கள் அதிபர் மூலம் தெரியும். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் அவர். ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் பதினொரு பையன்களை வைத்துக்கொண்டு தொடங்கினார். அந்தக் கதையில் தான் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை மிஸ்தான் எனக்குச் சொன்னார்.

“நான் அப்ப கப்பல் கொம்பனியில டைப்பிஸ்ட். மத்தியானச் சாப்பாட்டு நேரம் இந்தப் பெரிய மனிசன் குடையோட வந்து நிக்கிறார். தங்கச்சி, ஒரு கடிதம் அடிச்சுத் தரேலுமா எண்டார். லாண்ட்மாஸ்டர் ஒண்டு, அந்தச் சின்ன உழவு மெஷின், கேட்டு. அடிச்சுக் குடுத்தன். கொண்டு போய்க் குடுத்திட்டுத் திரும்பி வந்தார். பதில் ரெண்டு நாளையில வருமாம், நான் பின்னேர ரயிலுக்குப் போகோணும், பிள்ளைகள் தனிய நிக்குதுகள், நீங்க ஒருக்காப் போய்க் கேட்டுப் பாப்பீங்களோ எண்டார். எனக்கு அந்த ஆளை முன்னப் பின்னத் தெரியாது. சரி எண்டிட்டன்.”

ஒருக்கா என்று போனவர்தான். லாண்ட்மாஸ்டர் கிடைத்தது. பிறகு கப்பல் கொம்பனி மூடியபோது, தையல் கடைக்கு மேலே அறை எடுத்தார்கள்.

பதினொரு பேர் நாற்பது பேரானார்கள். பிறகு பெண்களையும் சேர்த்தார்கள். சண்டை கிட்ட வந்தபோது, மேசையும் கதிரையும் விதைப் பெட்டியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கல்லூரி இடம்பெயர்ந்தது. அந்தச் செய்தி எங்களுக்கு மூன்று வாரம் பிந்தி, ஒரு லொறிக்காரர் கையில் கடிதமாக வந்தது. நான் சத்தமாக வாசித்தேன். மாணவர் எல்லோரும் சுகம். நுணுக்குக்காட்டி இரண்டும் பத்திரம். கரும்பலகை ஒன்று உடைந்துவிட்டது.

“மாடுகள்?” என்றார் மிஸ்.

அடுத்த பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டில் ஏழு நடந்து வந்து சேர்ந்தன.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “ஏழும் நடந்தேவா வந்தது?” என்று திரும்பவும் கேட்டார்.

புது இடத்தில் கல்லூரியை நிலையாக வைக்கலாமா என்று பார்க்க மண்ணைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அதிபர் இருபத்துநாலு பைகளில் மண் அனுப்பினார். நான் அதைக் கண்டிப் பக்கத்திலிருந்த ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு நல்லதாக வந்தால் வெளிநாட்டு உதவி ஒன்று கிடைக்கும். லொறி சனிக்கிழமை பின்னேரம் வந்தது. அலுவலகம் பூட்டியிருந்ததால் பைகளை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய் என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

அந்த வாரம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. ஞாயிறு விடியற்காலை லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் என்னிடம் சரியாக இருந்தன. கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்த பொலிஸ்காரர் ஒரு பையை எடுத்து முகர்ந்தார். அதில் ஒட்டியிருந்த துண்டை, தமிழ் தெரிந்த இன்னொருவர் வாசித்தார்.

“வடகிழக்கு, முப்பது. வடகிழக்கு, அறுபது.”

காணியின் வடகிழக்கு மூலை, முப்பது சென்ரிமீற்றர் ஆழம், அறுபது சென்ரிமீற்றர் ஆழம். அதை விளக்குவதற்கு நான் வாயைத் திறக்கும்போதே கையைப் பின்னால் பிடித்துவிட்டார்கள்.

அன்றும் மறுநாள் காலையும் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பொலிஸ் நிலையக் கூட்டில் என்னோடு சேர்த்துப் பதினாறு பேர் இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்த நேரமாக இருக்க வேண்டும், வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. சிங்களத்தில், மிகப் பணிவாக, “பரவாயில்லை, நான் இருக்கிறேன்.”

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை.

லொட்ஜ்காரர் சொல்லி அனுப்பி வந்தவர், அன்று மாலை வரை இருந்தார். ஊரடங்கு என்று சொல்லித்தான் அவரை அனுப்ப முடிந்தது. திங்கள் விடிந்ததும் திரும்ப வந்துவிட்டார். பத்து மணிக்குப் பிறகு பொறுப்பதிகாரி என்னையும் அவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை முழுக்க மண் பைகள்.

“இது என்ன?” என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

“பஸ், மாத்தயா,” என்றார் மிஸ்.

அந்த மாதங்களில் கொழும்பில் பஸ் என்றாலே குண்டு நினைவுதான் வரும். இவர் ஏன் இந்த நேரத்தில் பஸ்ஸை இழுக்கிறார்? சிங்களத்தில் மண்ணுக்குப் ‘பஸ்’ என்று பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மிஸ் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கோப்பை வந்தது. குடிக்கவில்லை. ஒரு பையைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் மண் எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து, ரிப்பன் மாதிரித் தள்ளினார். மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று கையாலே பார்க்கிற முறை அது. அலுவலகத்தில் பொழுதுபோகாமல் நான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை.

முதல் தரம் ரிப்பன் உடைந்து மேசையில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் மண் எடுத்துப் பிசைந்தார்.

“இது உடையாம நீளமா வந்தா களி கூட, மாத்தயா. உடைஞ்சா மணல். பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக் காணி. என்ன நடலாம் எண்டு பாக்கத்தான் எங்கட தம்பி வச்சிருக்கு.” சிங்களத்தில் பேசிக்கொண்டு வந்தவர், ‘எங்கட தம்பி’ என்பதை மட்டும் தமிழில் சொன்னார்.

இரண்டாவது ரிப்பன் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. அதிகாரி எழுந்து வந்து அந்த ஈரமண்ணை அவர் கையிலிருந்து வாங்கினார். தானும் தள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். எந்த ஊர்க்காரரோ தெரியாது. ஆனால் அந்த விரல்கள் மண்ணுக்குப் பழகியவை. துணியில் கையைத் துடைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்றார்.

மிஸ் வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். மாலை ஐந்து மணிக்கு என்னை விட்டார்கள்.

வெள்ளவத்தையின் காலி வீதியால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்கு ஒரு கால் ஊன்ற முடியவில்லை. அவர் என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

“கலவர நேரம் எங்கட அண்ணனை ஹாபருக்கு வேலைக்குப் போற வழியில கொண்டுபோனாங்கள், சேர். நான் பொலிஸில போய்க் கேட்டனான். உள்ள இருக்கிறான், ஒண்டுமில்லை, நாளைக்கு வாங்க எண்டாங்கள். மரியாதையாத்தான் சொன்னாங்கள். நானும் நம்பி வீட்டை வந்திட்டன். அடுத்த நாள் போனா, அப்பிடி ஒரு ஆள் இங்க இல்லையாம்.”

கொஞ்சத் தூரம் போனபின், “அண்டைக்கு நான் எழும்பி வந்திருக்கக் கூடாது,” என்றார். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஆளில்லை. பொலிஸ் நிலையத்துக்கே திரும்பப் போயிருந்தார், மண்ணைக் கேட்டு.

“ஆளைத்தான் விட்டாச்சே, நோனா. மண்ணுக்கென்ன அவசரம்?”

“ஆள் தன்பாட்டில நடந்து வரும், மாத்தயா. மண் வராதே.”

ஒன்பது நாள். பத்தாம் நாள் இருபத்துமூன்று பைகளோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். ஒன்று கிழிந்து கொட்டி, கூட்டிப் பெருக்கிவிட்டார்களாம். அதிபருக்கு எழுதிய கடிதத்தில், ‘வடகிழக்கு அறுபதை இங்கே தவறவிட்டுவிட்டோம், மன்னிக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்தார். மண் நல்ல மண் என்று முடிவு வந்தது. உதவியும் வந்தது. கல்லூரி அந்தக் காணியிலேயே ஊன்றிக்கொண்டது.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தபோது நாங்கள் இருவரும் ஒரு வாடகை வானில் வன்னிக்குப் போனோம். மிஸ் கோயில் திருநாளுக்குக் கட்டும் நீலச் சேலையில் இருந்தார். மடியில் இரண்டு பெட்டி லவ் கேக். மாணவர் நூற்றைம்பத்தாறு பேர் என்று கணக்கு வைத்து வெட்டியிருந்தார். வழியெல்லாம் வயலைக் கண்டால் நெல்லா என்று கேட்டார். புல்லைக் கண்டாலும் கேட்டார்.

பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அதிபர் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றார். பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டினார்கள். மிஸ் சிரித்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். தகரம் போட்ட இரண்டு நீளக் கொட்டில், அரைச்சுவர். ஒரு மாட்டுக் கொட்டகை. பழைய நெற்களஞ்சியம் மாதிரியே இன்னொரு களஞ்சியம். அதற்கப்பால் மிளகாய்த் தோட்டம், வயல்.

எங்கள் கடிதத் தாளின் தலைப்பில் ஐந்து பிரிவுகளின் பெயர் அச்சடித்திருக்கும். பயிர்ச்செய்கை, மண்ணியல், கால்நடை, இயந்திரம், மனையியல். எத்தனையோ ஆயிரம் தாளில் அதற்குக் கீழேதான் அவர் தட்டச்சு செய்திருப்பார்.

“மண்ணியல் பிரிவு எங்க, சேர்?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

கொட்டிலின் மூலையைக் காட்டினேன். “இந்த மேசைதான், மிஸ்.”

மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இவ்வளவுதானா?”

அதிபருக்கும் கேட்டுவிட்டது. “இனித்தான் தங்கச்சி எல்லாம் கட்டோணும்,” என்று தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. களஞ்சியத்துக்குள் போனார். பின்னாலே போன எனக்கு அவர் முகம் தெரியவில்லை. நெல் மூட்டைகளுக்கு நடுவே பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன.

“இங்க ஆர் படுக்கிறது?”

“நாங்கதான், மிஸ்,” என்றாள் அங்கே நின்ற ஒரு மாணவி. “முப்பத்திரண்டு பேர். எலி மட்டும்தான் கரைச்சல்.”

மிஸ் ஒரு பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து கேக் பங்கிட்டார்.

மறுநாள் திரும்பும்போது மதவாச்சி தாண்டியதும் மிஸ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பிறகு சொன்னார்:

“நான் பொய் சொல்லியிருக்கிறன், சேர்.”

“என்ன பொய், மிஸ்?”

“அஞ்சு பிரிவு, அஞ்சு கட்டடம், அதில ஹொஸ்டல் வேற எண்டு எல்லா மேசையிலயும் சொன்னனான். நானா நினைச்சுக்கொண்டுதான் சொன்னது. அவங்களும் நம்பித்தான் சைன் வச்சாங்கள்.”

“தெரியாமல் சொன்னது பொய்யில்லை.”

“இல்லாததைச் சொன்னாப் பொய்தான்,” என்றார். வெளியே பார்த்தார். “அதை இனி உண்மையாக்க வேணும்.”

கொழும்பு வந்த மறுநாளே தொடங்கினார். முதலில் பெண்கள் விடுதி. அதற்கு ஒரு வருடம் ஐந்து மாதம். பிறகு மண்ணியல் கட்டடம், நான் படிப்பித்த பையன் ஒருவனே அதற்குப் பொறுப்பாக வந்தான். மூன்றாவது கட்டடம் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது பாதை திரும்பவும் மூடிவிட்டது. விடுதியில் பிள்ளைகள் கட்டிலில் படுத்திருக்கும் படம் ஒன்று கடைசி லொறியில் வந்தது. அதை அவர் நேரில் பார்க்கவில்லை.

நான் அதற்குள் வெள்ளவத்தையில் கலியாணம் கட்டி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். திரும்பிப் போக வழி இருந்த காலத்தில் நான் போகவில்லை. அதை மிஸ் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யுத்தம் முடிந்து அடுத்த வருடம் வன்னிக்குப் போய் வந்தேன். அதிபர் இல்லை. மண்ணியல் பையன் இல்லை. கட்டடங்களில் அத்திவாரம்தான் மிச்சம். பழைய மாணவர் சிலர் ஒரு மரத்தின் கீழ் வகுப்பைத் தொடங்கியிருந்தார்கள். இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். மிஸ்ஸுக்கு அறுபது தாண்டியிருந்தது. முழங்கால் வீங்கி, கதிரையில் காலை நீட்டி வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிபரின் பெயர் வந்தபோது மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

“எத்தினை பிள்ளைகள் வந்திருக்குதுகள்?”

“பதினாலு பேர், மிஸ்.”

“பொம்பிளைப் பிள்ளைகள்?”

“ஒன்பது.”

“எங்க படுக்குதுகள்?”

நான் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

அவர் காலை மெல்லக் கீழே இறக்கினார். கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“நாளைக்கு உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கா?”

“லீவு போடலாம், மிஸ்.”

“அப்ப ஏழு மணிக்கே வாங்க, சேர், அமைச்சில போய் இருக்க. எனக்கு இப்ப பஸ் படி ஏற ஒரு ஆள் பிடிக்க வேணும்.”